ஆடியில் ஒரு நாள்

கே.கே. நகர் வளைவைத் தாண்டி
இரண்டாவது சந்து, இரண்டாம் மாடி.
ஏசி கொஞ்சம் அதிகம்.
டாக்டர் ரெஜினா என் முகத்தில்
ஊதா மார்க்கரால் கோடு போடுகிறார்.
இருபத்தெட்டு வருஷமாய்
மணப்பெண்களின் கண்ணோரம் நான் இழுத்த கோடு எதுவும்
இவ்வளவு யோசித்து இழுத்ததில்லை.

"தோலை இழுக்கிறதுன்னுதான் எல்லாரும் நினைக்கிறாங்க.
தோல் மேல்துணி.
அதுக்கு அடியில ஒரு சவ்வு, தசையோட ஒட்டினது,
அதுதான் இறங்குது.
அதைத் தூக்கித் தைச்சுட்டு
மிஞ்சின தோலை மட்டும் வெட்டுவோம்."

புரிந்துவிட்டது.
உள்பாவாடை நாடா தளர்ந்திருக்க
கொசுவத்தைக் கோபித்து என்ன பயன்.

நூல் போடலாம்; ஒரு வருஷம், ஒன்றரை.
ஊசி போட்டுக் கன்னத்தை நிரப்பலாம்;
அதை அண்ணா நகரில் ஒருத்தியிடம் பார்த்துவிட்டேன்,
சிரித்தால் இட்லி நகர்கிறது.
காதுக்கு முன்னால் மட்டும் சின்ன வெட்டு,
கழுத்துக்கு அது போதாது.
முழுசாய் என்றால்
காது மடலைச் சுற்றி, பின்னால் போய்,
முடிக்குள் மறையும் தழும்பு.
இன்னும் ஆழமாய்ப் போனால் இன்னும் நாள் நிற்கும்,
ஆனால் அங்கேதான் சிரிப்புக்கான நரம்பு.

"பத்து வருஷம் தாங்குமா?"
"தாங்கும். ஆனா அதுக்குள்ள உங்களுக்கும்
பத்து வயசு கூடியிருக்கும்."
பொய் சொல்லத் தெரியாதவள். பிடித்துப்போனது.

பிரஷர் மாத்திரை உண்டா? உண்டு.
வெற்றிலையோடு புகையிலை?
தலையைக் குனிந்தேன்.
தாடையின் கீழ் இரண்டு பை தொங்குவதை
அவர் குறித்துக்கொண்டார்.

ஏன் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்:
போன தையில் திருப்பரங்குன்றத்தில்
பெண்ணின் அம்மா என் பெட்டியைப் பார்த்து,
என்னைப் பார்த்து,
"அசிஸ்டென்ட் வந்துதான் போடுவாங்களா?" என்றாள்.

பழைய படம் கொண்டுவரச் சொல்லியிருந்தார்.
பச்சைப் பட்டு, யாருடைய கல்யாணமோ.
"இந்தத் தாடை வரைக்கும் வரலாம்" என்றார்.
ஆடி ஐந்துக்கு நாள் வாங்கினேன்.
முகூர்த்தம் இல்லாத மாசம்.
வீக்கம் வடிந்து, நீலம் மஞ்சளாகி, மஞ்சள் மங்கி
ஆவணிக்கு முகம் தயார்.
அட்வான்ஸ் கட்டி ரசீதை ஜாக்கெட்டுக்குள் வைத்தேன்.

ஷேர் ஆட்டோ ஆவின் தாண்டும்போதுதான் உறைத்தது.
என்னிடம் பச்சைப் பட்டே கிடையாது.
அது மரகதவல்லி.
எனக்குப் பதினோரு நிமிஷம் மூத்தவள்.
அந்தப் படத்தில் நான் இருப்பது பின்னால்,
ஆரத்தித் தட்டுக்கு மேலே பாதி நெற்றி.

உசிலம்பட்டியில் உரக்கடைக் கல்லாவில் இருந்தாள்.
விஷயத்தைச் சொன்னதும்
யூரியா வாங்க வந்தவரைக் காக்கவைத்துச் சிரித்தாள்.
"எம் மூஞ்சிய வாங்கப் போறியா?
பில்லுல பாதி நான் தரமாட்டேன்டி."
பிறகு சில்லறை எண்ணும் சத்தம்.
பிறகு, "வலிக்குமா?"
"இறுக்கமா இருக்குமாம். காது கொஞ்ச நாள் மரத்திருக்குமாம்."
"அப்ப எனக்கும் மரத்துப்போகுதான்னு பாக்குறேன்."
போனை வைத்துவிட்டாள்.
படத்தை நான் மாற்றிக் கொடுக்கவில்லை.

ராத்திரி தேங்காயெண்ணெய் வைத்துத் துடைத்தும்
இடது காதுக்குப் பின்னால் ஒரு கோடு போகவில்லை.

விடியற்காலை மூன்று மணி, செல்லூர்.
பெண்ணுக்கு இருபத்து மூன்று வயசு.
கண்மை இழுக்க இமையோரம் விரல் வைத்து எடுத்தேன்,
தோல் தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்தது,
யாரும் சொல்லாமல்.

பூ வைக்க நான் குனிந்தபோது
கண்ணாடியில் பார்த்துக் கேட்டாள்:
"காதுக்குப் பின்னாடி என்னக்கா, மையா?"

"நாள் குறிச்சிருக்காங்க" என்றேன்.

அவள் வெட்கப்பட்டாள், எனக்காக.